ஒன்பது கோழி, ஒரு கண்

சபாபதிக்குப் பட்டு தெரியும், கோழி தெரியாது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் இதை ஒரு குறையாக யாரும் சொல்ல மாட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு நூலைத் தடவியே அதன் முறுக்கைச் சொல்லக்கூடிய ஆண்கள் அந்தத் தெருவில் பத்துப் பேர் உண்டு. தன் வீட்டுப் பின்கட்டில் எத்தனை கோழி மேய்கிறது என்று கேட்டால் பதில் சொல்லக்கூடியவர்கள் இரண்டு பேர் தேறினால் அதிகம். அந்த இரண்டு பேரில் சபாபதி இல்லை.

கோழிகள் அவர் மனைவி ஏலவார்குழலியுடையவை. அவள் பிறந்தது திருப்புட்குழி. சீதைக்காகச் சண்டை போட்டுச் சிறகறுந்து விழுந்த பறவைக்குப் பெருமாளே மகன் முறையில் நின்று கொள்ளி வைத்தார் என்று சொல்லிக்கொள்ளுகிற ஊர். "எங்க ஊர்ல சாமியே ஒரு பறவைக்கோசரம் அழுதாரு. நான் ஒரு கை கம்பு போட்டா இன்னா கொறஞ்சி பூடும்?" என்று கேட்டபடிதான் ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு கூடையில் இரண்டு குஞ்சுகளைக் கொண்டுவந்து இறக்கினாள். சபாபதி தறிக்குழியில் இருந்து எழுந்திருக்காமலே தீர்ப்புச் சொன்னார்.

"பட்டு நெய்யற ஊட்ல கோழியா? ஒரே ஒரு எறகு இந்தத் தறி ஊட்டுக்குள்ள வந்துச்சின்னு வெச்சிக்கோ, அன்னிக்கே அத்தினியும் கறிக்கடைக்குப் போவும். ஆமா."

ஆறு வருஷத்தில் இரண்டு, ஒன்பதாயிற்று. எட்டுப் பெட்டை, ஒரு சேவல். சேவலுக்கு மேஸ்திரி என்று பேர். ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் வேலையையும் சுற்றிப் பார்த்துச் சத்தம் போடுகிறவன். பெட்டைகளில் மூத்தவள் செவலை, முதல் கூடையில் வந்தவள். இத்தனை கோழி இருந்தும் ஓர் இறகுகூடத் தறி வீட்டுக்குள் வந்ததில்லை. அது எப்படி என்று சபாபதி ஒருநாளும் கேட்டதில்லை. தன் அதட்டலுக்குக் கோழிகளே பயந்துவிட்டன என்று நினைத்திருந்தார் போலிருக்கிறது.

இரண்டு வருஷமாகக் குழலிக்கு இரண்டு கண்ணிலும் புரை. சபாபதி நெய்வது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் குறுக்கே ஓடுகிற ஊடையில் கோத்து வாங்குவதற்கு நெய்கிறவர் பக்கத்தில் இன்னோர் ஆள் உட்கார்ந்து கரை நூலைத் தாங்கி ஓடுகிற நாடாவை வாங்கிப் போட வேண்டும். கல்யாணமான நாளாகச் சபாபதியின் வலப்பக்கப் பலகையில் உட்காருகிற ஆள் குழலிதான். இப்போது அவள் நாடா வரும் திசையைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க ஆரம்பித்திருந்தாள். ஆஸ்பத்திரியில் வலது கண் முதலில், ஒரு மாசம் கழித்து இடது கண் என்றார்கள். குழலி மாட்டேன் என்றாள்.

"பத்து நாளு தூசி துப்பட்டை ஆவாது, காயத்ரி ஊட்லயே கெடன்னு சொல்றாங்க. அதுங்கள யாரு பாக்கறது?"

"நான் பாக்கறேன்" என்றார் சபாபதி.

தாம்பரத்தில் இருந்து வந்திருந்த மகள் காயத்ரி சிரித்துவிட்டாள். குழலி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் புருஷன் முகம் இருக்கிற திக்கைப் பார்த்தாள்.

"ஒம்போது வுட்டுட்டுப் போறேன். வந்து எண்ணுவேன். ஒண்ணு கொறஞ்சாலும் எடது கண்ணுக்கு நான் வரமாட்டேன். ஒத்தக் கண்ணோடயே காலத்தத் தள்ளிக்கிறேன். அப்புறம் குழலி வா, குழலி போன்னு என்னாண்ட வந்து நிக்கக் கூடாது."

சொன்னால் செய்கிறவள். ஒருமுறை ஒரு ஓட்டலில் தோசை புளித்துவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தவள், பதினாறு வருஷமாக அந்த ஓட்டல் இருக்கிற பக்கத்து நடைபாதையிலேயே நடப்பதில்லை. ஒத்தைக் கண்ணோடு கோர்வை வாங்க முடியாது. அதுகூட அப்புறம். கோலம் போடும்போது புள்ளியைக் கையால் தடவித் தேடுகிறாளே, அதைச் சபாபதியால் பார்க்க முடியவில்லை.

புறப்படும்போது சொல்ல வேண்டியதெல்லாம் சொன்னாள். சாயங்காலம் கம்பு, காலையில் வெதுவெதுப்பாகத் தண்ணீர், ஆறு மணிக்குக் கூண்டு, பட்டு நூல் கழிவைக் கொல்லையில் போட்டால் காலில் சுற்றிக்கொள்ளும். கடைசியாக, "மார்கழி. குளுரு படாம பாத்துக்கங்க" என்றாள். கூண்டை எப்படி மூடுவது என்று மட்டும் சொல்லவில்லை. அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே அவளுக்குத் தோன்றவில்லை. உலையில் அரிசி போடச் சொல்லிவிட்டுத் தண்ணீரும் ஊற்றுங்கள் என்று யாராவது சொல்வார்களா?

முதல் மூன்று நாளும் ராஜபோகம். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. குழலி போனைப் பார்க்கக் கூடாது, காதில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மெஸ்ஸில் இருந்து இட்லியும் மிளகு ரசமும் வந்தன. ஆள் இல்லாமல் கோர்வை ஓடாது என்பதால் சபாபதி தறியை வேட்டியால் போர்த்திவிட்டார். தினமும் ஆறு மணிக்குக் கோழிகள் கூண்டுக்குள் அடைகிற நேரத்தில் குழலி கூப்பிடுவாள்.

"போனை அதுங்காண்ட புடிங்க."

சபாபதி பிடிப்பார். கோழிகள் இடத்துக்குச் சண்டை போட்டுக் கொக்கரிக்கும். மேஸ்திரி ஏதோ உத்தரவு போடுவான். அந்தப் பக்கம் குழலி மூச்சு விடாமல் கேட்டுவிட்டு, "சரி, வெச்சிடுங்க" என்பாள். புருஷன் சாப்பிட்டாரா என்று கேட்பது சில நாள் உண்டு, சில நாள் இல்லை.

நாலாம் நாள் கடலில் எங்கோ புயல் சின்னம் என்று டிவியில் சொன்னார்கள். காஞ்சிபுரத்தில் மதியத்துக்கே வானம் அழுக்குத் துணி மாதிரி ஆகிவிட்டது. சாயங்காலம் வாடைக்காற்றோடு தூறல் பிடித்தது. ஏகாம்பரநாதர் கோயில் பக்கம் போய்விட்டுக் காதில் மப்ளரோடு வந்த நமச்சிவாயம் பின்கட்டில் நின்று கூண்டைப் பார்த்தார். நமச்சிவாயமும் நெசவுதான், குழலிக்கு அண்ணன் முறை.

கூண்டு முருங்கை மரத்தடியில் இருந்தது. இடுப்பளவு செங்கல், மேலே தகரக் கூரை. சுவருக்கும் கூரைக்கும் நடுவே நாலு பக்கமும் ஒரு சாண் இடைவெளி. அங்கே குழலி சாக்கு கட்டித் தொங்கவிட்டிருந்தாள். அதுவும் பாதி தூக்கினபடி.

"இன்னா மச்சான், நாலு பக்கமும் ஓன்னு தொறந்து கெடக்குது? காத்து உள்ள பூந்து வெளிய வருது பாரு."

"அதான் யோசிச்சிக்கினு இருக்கேன். இந்த ஈரத்துக்கு பாவே தாங்காது. உசுரு எப்பிடித் தாங்கும்?"

இரண்டு நெசவாளிகள் ஒரு விஷயத்தை யோசித்தால் அது பாவில்தான் போய் முடியும். தறியில் நீளமாக இழுத்துக் கட்டியிருக்கிற பட்டுப் பாவுக்கு எதிரி ஈரக்காற்று. இழை தளரும், ஒன்றோடொன்று ஒட்டும், நெய்தால் அறுந்து விழும். அதனால் மழை பிடித்தால் ஜன்னலைச் சாத்தி, சந்துக்கெல்லாம் துணி அடைத்து, பாவுக்குக் கீழே ஒரு குண்டு பல்பை எரியவிடுவார்கள். எறும்பு போகிற வழிகூட வைக்கக் கூடாது. அப்பனும் பாட்டனும் செய்தது, கண்ணால் கண்ட பலன்.

"அதே மாதிரி பண்ணிடலாமா?" என்றார் சபாபதி.

"ஷோக்கா பண்ணிடலாம். தார்ப்பாய் இருக்குதா?"

இருந்தது. ஒரு மணி நேரத்தில் இருவரும் கூண்டைப் புடவைப் பார்சல் போல நேர்த்தியாகக் கட்டிவிட்டார்கள். நாலு பக்கமும் தார்ப்பாய், மூலைகளில் செங்கல், சந்துகளில் கந்தல், அதற்கு மேல் டேப். உள்ளே நூறு வாட் பல்பு.

"குமுட்டி அடுப்புல கொஞ்சம் கரி போட்டு வெச்சா இன்னும் கதகதன்னு இருக்கும்."

"வேணாம் மச்சான். நெருப்பு புடிச்சா உன் தங்கச்சி என்னையும் சேத்துக் கொளுத்திடுவா."

அன்றைக்குச் சபாபதி எடுத்த ஒரே நல்ல முடிவு அது.

காலையில் கதவைத் திறந்தபோது உள்ளே இருந்து ஆவி வந்தது. கூடவே மூக்கைப் பிடுங்குகிற ஒரு நெடி. தகரத்தின் உள்பக்கமெல்லாம் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து, கோழிகள் முதுகில் சொட்டிக்கொண்டிருந்தது. வைக்கோல் நசநசவென்று இருந்தது. மேஸ்திரி வெளியே வந்து கழுத்தை நீட்டிக் கூவினான். பழைய சைக்கிள் பம்பு மாதிரி காற்றுதான் வந்தது. செவலை இரண்டு தரம் தும்மிவிட்டு ஓரமாகப் போய் நின்றாள்.

சபாபதி முகவாயைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார். இவ்வளவு கட்டியும் சளி பிடிக்கிறதென்றால் எங்கேயோ சந்து இருக்கிறது. சுற்றிச் சுற்றி வந்து தேடினார். கதவுக்கு மேலே விரல்கடை அளவு ஒன்று அகப்பட்டது. அவருக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. அன்று சாயங்காலம் அதையும் அடைத்தார்.

ஆறாம் நாள் ஐந்து கோழிகள் தும்மின. செவலை கண்ணில் நுரை கட்டிக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினாள். கம்பை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தூறல் நிற்கவில்லை. சபாபதி தாழ்வாரத்தில் உட்கார்ந்து, ஒன்பதில் ஒன்று போனால் எட்டு, எட்டு என்றால் இடது கண் இல்லை என்று மனசுக்குள் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். மெஸ் இட்லி தொடாமலே இருந்தது. ஆறு மணிக்குப் போன் அடித்தது.

இந்த இடத்தில் சபாபதி செய்ததைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பின்பக்கத்துக் குட்டைச் சுவரை ஏறிக் குதித்து, இந்திராணி வீட்டுக் கொல்லைக்குப் போய், அவளுடைய கோழிகளிடம் போனை நீட்டினார். இந்திராணி பின்வீட்டுக்காரி, தெலுங்கு பேசுகிற நெசவுக் குடும்பம். வாசல் தெளிக்கிற பக்கெட்டோடு நின்றவள், "இன்னா அண்ணா இது?" என்று வாயெடுத்தாள். சபாபதி கண்ணாலேயே கும்பிட்டார். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

கோழிகள் அருமையாகக் கொக்கரித்தன.

"இன்னாங்க."

"சொல்லு குழலி. எல்லாம் குஷியா இருக்குதுங்க, கேட்ட இல்ல?"

"இந்திராணி சௌக்கியமா?"

சபாபதி இந்திராணியைத் திரும்பிப் பார்த்தார். "அவளுக்கு இன்னா, நல்லா இருக்கா."

"அவ ஊட்டுச் சேவல் தொண்டையில ஒரு கீச்சு இருக்கும். எனக்குக் கண்ணுலதான் ஆபரேஷன். காது இருக்குது. நம்ப கோழிங்க எங்க?"

சபாபதி சுவரோரத்தில் குந்திவிட்டார். தார்ப்பாயில் ஆரம்பித்து, டேப், பல்பு, விரல்கடைச் சந்து வரைக்கும் ஒன்று விடாமல் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே குரல் உடைந்தது. திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழலி பெருமூச்சு விட்டாள்.

"எங்கண்ணனும் சேந்தா? அதான பாத்தேன். சரி, இப்ப ஊட்டுக்குப் போங்க. கூண்டுக்குள்ள தலைய வுடுங்க. கதவ முடிஞ்ச மட்டும் சாத்திக்கினு நூறு எண்ணுங்க."

"எதுக்கு?"

"எண்ணுங்க சொல்றேன்."

இந்திராணி பார்த்துக்கொண்டிருக்க, சபாபதி சுவரை ஏறி வந்து, மண்டியிட்டு, தார்ப்பாய்க்குள் தலையை விட்டார். ஒன்று, இரண்டு என்று கணீரென்று ஆரம்பித்தவர் பதினைந்தில் இருமினார். இருபத்திரண்டில் கண்ணில் தண்ணீர் வந்தது. முப்பத்தொன்றில், "அய்யோ, முடியலடி" என்று வெளியே விழுந்தார்.

"எத்தினி?"

"முப்பத்தொண்ணு."

"நீங்க வெளிய வந்துட்டீங்க. அதுங்க ரெண்டு ராத்திரி பூரா உள்ளயே கெடந்துச்சிங்க. பாவு மூச்சு வுடுமா? வுடாது. கோழி வுடும், எச்சம் போடும், அத்தினி ஈரமும் நெடியும் மேல ஏறும். மேல வழி இல்லன்னா திரும்பி அதும் மேலயே எறங்கும். குளுரு கோழியக் கொல்லாதுங்க. அது ஒடம்பு பூரா மெத்த. ஈரமும் நெஞ்சுல அடிக்கிற காத்தும்தான் கொல்லும். கீழ மூடுங்க, மேல தொறங்க. அவ்ளோதான்."

"மேல தொறந்தா சாரல் அடிக்குதே குழலி. பூனை வேற வருது."

"காத்து எந்தப் பக்கம் வருதோ அந்தப் பக்கம் சாக்க எறக்கணும், எதிர்ப்பக்கம் ஏத்தணும். காத்து திரும்புனா மாத்தணும். நான் தெனம் பண்றது அது. உங்களுக்கு அது வராது. உங்க கைக்கு எது வருதோ அதப் பண்ணுங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "செவலை எப்பிடி இருக்குறா?"

"கொஞ்சம் சோர்வா."

"கொஞ்சமா?"

"கொஞ்சம்தான்" என்று பொய் சொன்னார் சபாபதி.

தார்ப்பாயைப் பிய்த்து எறிய ஐந்து நிமிஷம் ஆனது. ஈர வைக்கோலை வாரி வெளியே கொட்டினார். இந்திராணி சுவருக்கு மேலாக ஒரு கோணி உமி கொடுத்தாள். அவர் பரப்பினதைப் பார்த்து, "இன்னும் போடு அண்ணா, கை முழுங்கணும்" என்றாள். கோழிகள் உட்காருகிற உருட்டுக் கம்பைத் தூக்கிவிட்டு ஒரு பட்டைப் பலகையை வைக்கச் சொன்னதும் அவள்தான். பலகையில் குந்தினால் வயிற்று இறகு விரலை மூடிக்கொள்ளுமாம். சபாபதி தறியில் கழித்த பலகை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்.

"ஏன் அண்ணா, அக்கா தெனம் விடியக்காலம் இந்தக் கூண்டாண்டதான நிக்கும், நீ பாத்ததே இல்லியா?"

"பால் வாங்கப் போறான்னு நெனச்சிக்கினு இருந்தேன்."

"அய்யோ ராமா! பாலு ஆறு மணிக்கு. அக்கா நாலரைக்கே எழுந்திருக்கும். கோயில்ல பாட்டு போடும்போது சாக்கத் தூக்கும். ஈரத்த வாரிக் கொட்டும். கொல்லையில எறகு கெடந்தா ஒண்ணு ஒண்ணாப் பொறுக்கும், அப்புறம் முந்தானைய ஒதறிட்டுதான் ஊட்டுக்குள்ள போவும். தறி ஊட்ல எறகு வந்தா அவரு வித்துடுவாருன்னு சொல்லிச் சிரிக்கும்."

சபாபதி உமியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஆறு வருஷம். தினமும் விடிகாலையில். அதட்டல் ஒரு தரம் போட்டது, அவருக்கே பாதி மறந்துபோனது. அதற்காக ஒருத்தி தினமும் குனிந்து குனிந்து இறகு பொறுக்கியிருக்கிறாள், கண் தெரியாமல் போன இந்த இரண்டு வருஷமும் தடவித் தடவிப் பொறுக்கியிருக்கிறாள். அவருக்கு வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது. இந்திராணி முன்னால் அழ முடியாது என்பதால் பல்லைக் கடித்துக்கொண்டு கூரையை அண்ணாந்து பார்த்தார்.

பார்த்தபோதுதான் யோசனை வந்தது. காற்று வர வேண்டும், ஆனால் வீசக் கூடாது. சாரல் உள்ளே வரக் கூடாது. பூனைக்கும் கீரிக்கும் வழி கூடாது. மேலே ஒரு சாண் உயரத்துக்கு, கூண்டு நீளத்துக்கு ஒரு சாமான் வேண்டும். அப்படி ஒன்று அவர் வீட்டுப் பரண் மேலேயே இருந்தது. தறியில் பாவு இழைகளைச் சீப்பு போலப் பிரித்து நிறுத்துகிற அச்சு. மரச் சட்டத்துக்குள் நெருக்க நெருக்கமாக ஆயிரக்கணக்கான கம்பிப் பற்கள். இழை மட்டும் நுழையும், ஈ நுழையாது. தேய்ந்துபோன அச்சுகள் நாலைந்தை அவர் பரணில் போட்டு வைத்திருந்தார். ஒவ்வொரு போகிக்கும், "அதக் கடாசுங்க" என்று குழலி சண்டை போடுவாள். ஒவ்வொரு போகிக்கும் அவர் ஏணியைத் தூக்கி ஒளித்துவைத்துவிடுவார்.

ராத்திரி எட்டு மணிக்குள் எதிரெதிர்ப் பக்கம் இரண்டு அச்சுகளைக் கூரைக்குக் கீழே சட்டமாகப் பொருத்திக் கட்டினார். மற்ற இரண்டு பக்கமும் சாக்கு. கட்டு மட்டும் நெசவாளி கட்டு, தேர் இழுத்தாலும் அவிழாது. பிறகு மறுபடி தலையை உள்ளே விட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எண்ணினார். நூறு வந்தது. ஒரு நம்பிக்கைக்கு இன்னும் ஐம்பது எண்ணினார். கன்னத்தில் லேசாகக் காற்று பட்டது, அடிக்கவில்லை. மேஸ்திரி அவர் காதைக் கொத்தினான்.

செவலையை மட்டும் உள்ளே விட மனசு வரவில்லை. மறுநாள் காலையில் கூடையில் வைத்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே இருந்த டாக்டரம்மா செவலையின் கண்ணைப் பார்த்துவிட்டு, "கூண்ட டைட்டா மூடிட்டீங்களாப்பா?" என்று கேட்டார். சபாபதி, "என் மச்சான் மூடிட்டாரு டாக்டர்" என்றார். நமச்சிவாயம் அங்கே இல்லாததால் தகராறு வரவில்லை. தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்து, காய்ந்த இடமாக, காற்றடிக்காத இடமாக நாலு நாள் தனியே வைக்கச் சொன்னார்கள்.

காய்ந்த இடம், காற்றடிக்காத இடம். அந்த வீட்டில் அப்படி இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

அதைப் பற்றிச் சபாபதி போனில் சொல்லவில்லை. தினமும் ஆறு மணிக்குக் கூண்டருகே போனைப் பிடித்தார், சொந்தக் கூண்டருகேதான். மற்றக் கோழிகளின் தும்மல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. சின்ன வெங்காயம், மிளகு, மஞ்சள் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயிலும் போடப் பழகினார். கையெல்லாம் கொத்து வாங்கினார். "செவலை சத்தமே காணமே" என்று குழலி கேட்டபோதெல்லாம், "அவ வயசானவ, சத்தமில்லாம தூங்கிடறா" என்றார். நாலரைக்கு அலாரம் வைத்து எழுந்தார். கோயிலில் ஸ்பீக்கர் கரகரக்கும்போது சாக்கைத் தூக்கினார், ஈரம் வாரினார். குளிரில் விரல் மரத்துப்போயிற்று. இறகுகளையும் பொறுக்கினார்.

போகிக்கு முந்தின நாள் சாயங்காலம் ஆட்டோ வந்து நின்றது. குழலி பெரிய கறுப்புக் கண்ணாடியோடு இறங்கினாள். சபாபதிக்கு ஏதோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்த மாதிரி இருந்தது. காயத்ரி பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். குழலி நேரே பின்கட்டுக்கு நடந்தாள். கண்ணாடியை மேலே தூக்கி, இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு கூண்டைப் பார்த்தாள்.

"இது இன்னாங்க மேல? அச்சா?"

"ம்."

கிட்டே போய்க் கம்பிகளுக்கு முன்னால் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். காற்று விரலைத் தொட்டுப் போவது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். அவள் முகம் மலர்ந்தது.

"போகிக்கு எரிக்கச் சொன்னேன். நல்ல வேளை, என் பேச்ச என்னிக்கு நீங்க கேட்டீங்க."

கோழிகள் அடைய வந்தன. அவளைக் கண்டதும் காலைச் சுற்றிக்கொண்டு கூச்சல் போட்டன. ஒவ்வொன்றாக உள்ளே போகப் போக குழலி வாய்விட்டு எண்ணினாள். "ஆறு, ஏழு, எட்டு." கதவைப் பிடித்தபடி நின்றாள். கொல்லையைப் பார்த்தாள். முருங்கை மரத்தடியைப் பார்த்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"செவலை எங்க?"

சபாபதி திரும்பி நடந்தார். "போய்ட்டாளா? சொல்லுங்க, போய்ட்டாளா?" என்று கேட்டபடியே பின்னால் வந்தாள். சபாபதி தறி வீட்டுக் கதவைத் திறந்து விளக்கைப் போட்டார்.

தறி போர்த்தினபடி இருந்தது. குழிக்குப் பக்கத்தில், வலப்பக்கப் பலகையில், குழலி தினமும் உட்காருகிற இடத்தில், அவளுடைய பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போட்டு அதன்மேல் செவலை சாவகாசமாகக் குந்தியிருந்தாள். கண்ணில் நுரை இல்லை. ஒரு பக்கமாகத் தலையைச் சாய்த்து, யார் இந்தக் கறுப்புக் கண்ணாடி என்று பார்த்தாள்.

குழலி சுவரைப் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து, தறிக்குழி விளிம்பில் கிடந்த ஒன்றை இரண்டு விரலால் எடுத்து விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்தாள். சிவப்பான ஒரு சின்ன இறகு. பத்து நாளைக்கு முன்னால் அது அவள் கண்ணுக்குத் தெரிந்திருக்காது.

"பட்டு நெய்யற ஊட்ல கோழியா?" என்றாள். "இது இன்னா? அன்னிக்கே அத்தினியும் கறிக்கடைக்குன்னு ஒருத்தர் சொல்லிக்கினு இருந்தாரே?"

"காய்ஞ்ச எடமா வெக்கச் சொன்னாங்க" என்றார் சபாபதி.

"தறி ஊட்ல வேற எடமே இல்லியா? என் பலகதானா கெடைச்சிது?"

சபாபதி தரையைப் பார்த்தார். வயசு ஐம்பத்தைந்து. இப்படியெல்லாம் பேசி அவருக்குப் பழக்கமில்லை.

"காலியா இருந்துச்சி குழலி. சும்மா தறியாண்ட வந்து குந்துவேன். பக்கத்துல திரும்பிப் பாத்தா ஆள் இருக்காது. என்னால குந்த முடியல. அதான் இவள வெச்சேன்."

குழலி கண்ணாடியைக் கீழே இறக்கிக்கொண்டாள். கண்ணைத் துடைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் முந்தானை கன்னம் வரைக்கும் போய் வந்தது.

"கோர்வை வாங்குனாளா?"

"கொர்ர், கொர்ர்ன்னு சவுண்டுதான். வேலை ஒண்ணும் ஆவல."

"காயத்ரி!" என்று குழலி உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள். "எடது கண்ணுக்கு எப்ப வரச் சொன்னாங்க? தை பொறந்ததும் தேதி கேட்டு வை. உங்கப்பா பாத்துப்பாரு."

பொங்கல் கழிந்து, இடது கண் ஆபரேஷனும் முடிந்து, டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்ன நாளும் கழிந்து, ஒரு காலையில் சபாபதி தறியின் போர்வையை எடுத்தார். பாவு தளரவில்லை. வெயில் நன்றாக ஏறியிருந்தது. செவலை பகலெல்லாம் கொல்லையில் மேய்ந்தாலும், யாராவது கதவைத் திறந்தால் போதும், உள்ளே ஓடிவந்து பலகையில் ஏறிவிடுகிற பழக்கம் பிடித்துவிட்டது. அன்றைக்கும் வந்து குந்திக்கொண்டாள். சபாபதி, "சூ" என்று விரட்டக் கையை ஓங்கி, பாதியில் இறக்கிக்கொண்டார். கரை நாடாவைக் கையில் எடுத்துக்கொண்டு குழலி வந்து நின்று பார்த்தாள்.

"தள்ளிக் குந்துடி" என்றாள்.

செவலை முணுமுணுத்துக்கொண்டே ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தாள்.